கண்ணை இழந்த விஞ்ஞானி

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் ஏற்றினால் சுற்றுவட்டாரம் முழுவதும் தெரியும். 2,668 அடி உயர மலை அல்லவா! தீபம் 11 நாட்கள் எரியும். அதற்காக ஆட்கள் நெய்யைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிறார்கள்.

கடல் நடுவே, பாறைமீது விளக்கு இருந்தால்? தினமும் யார் போய் ஏற்றுவது? புயலில் படகு போகாது. விளக்கு அணைந்தால் கப்பல் பாறையில் மோதும்.

ஆள் இல்லாமலே பல மாதம் எரியும் விளக்கைச் செய்தவர் குஸ்தாவ் டாலேன்.

விவசாயி மகன்

1869-ம் ஆண்டு, ஸ்வீடன் நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வாலிப வயதில் பண்ணையைக் கவனித்து வந்தார். பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்றைச் செய்தார். அதைப் பார்த்த டி லாவல் என்ற பெரிய என்ஜினீயர், முதலில் நன்றாகப் படிக்கும்படி புத்தி சொன்னார். டாலேன் படித்தார். 1896-ல் என்ஜினீயர் ஆனார்.

பொல்லாத வாயு

கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பும். அந்தக் காலத்துத் திருவிழாக் கடைகளில் பூண்டு நாற்றத்தோடு பளீரென்று எரிந்ததே, அதுதான். ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் இரும்பையே உருக்கும். வெல்டிங் பட்டறைகளில் இன்றும் அதற்குத்தான் பயன்படுகிறது.

ஆனால் பொல்லாத வாயு! அழுத்தி அடைத்தால், காற்று கலக்காமலேயே வெடித்துவிடும்.

அசிட்டோன் என்ற திரவத்தில் கரைத்தால் அது ஓரளவு அடங்கும். பிரான்சு நாட்டார் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். இருந்தாலும், சிலிண்டரில் காலி இடம் விழுந்தால் மறுபடி ஆபத்து. டாலேன் என்ன செய்தார்? ஆப்பம் போலக் கண் கண்ணாக உள்ள ஒரு பொருளைச் சிலிண்டர் முழுவதும் நிரப்பினார். அதில் அசிட்டோனை ஊறவைத்து, வாயுவைக் கரைத்தார். காலி இடமே இல்லை. வாயு சாதுவானது.

அடுத்தது, 1907-ல் வந்த சூரிய வால்வு. பகலில் ஒரு கறுப்புக் கம்பி வெளிச்சத்தை வாங்கி, சூடேறி நீளும், வாயுவை அடைக்கும். இருட்டினால் சுருங்கித் திறந்துவிடும். விளக்கு தானே எரியும், தானே அணையும். வெயிலில் கறுப்புச் சட்டை போட்டு நடந்தவர்களுக்கு இந்த ரகசியம் புரியும்!

விபத்து

1912 செப்டம்பர். வாயுச் சிலிண்டரின் பாதுகாப்பை டாலேன் சோதித்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் வெடித்தது. உயிர் பிழைத்தார், இரு கண்களும் போயின. உடன்பிறந்தவர் ஆல்பின் கண் மருத்துவப் பேராசிரியர். அவராலும் பார்வையைத் திருப்பித் தர முடியவில்லை.

அதே ஆண்டு டாலேனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. விழாவுக்குப் போய் வாங்கியவர் ஆல்பின்தான்.

டாலேன் மூலையில் உட்காரவில்லை. கம்பெனித் தலைவராகத் தொடர்ந்தார். 1922-ல், குறைந்த எரிபொருளில் நாள் முழுவதும் சூடு தாங்கும் சமையல் அடுப்பு ஒன்றைச் செய்தார். பார்வை போய்ப் பத்து ஆண்டு கழித்து!

1937 டிசம்பர் 9-ந் தேதி காலமானார். அவர் முறையில் எரிந்த அசிட்டிலின் விளக்குகள், இந்தியக் கடற்கரை உள்பட உலகின் பல கரைகளில் அதற்குப் பிறகும் வெகுகாலம் கப்பல்களுக்கு வழிகாட்டின.