துப்பறியும் நாவல் முதல் கல்யாணப் பத்திரிகை வரை: பழைய தாளைக் காத்த ரோஜா முத்தையா

பத்துமலை: தைப்பூசக் கூட்டத்தில் கையில் கொடுக்கப்படும் நோட்டீஸைத் தண்ணீர்ப் பந்தல் தாண்டுவதற்குள் கசக்கிப் போட்டுவிடுகிறோம். அப்படிப்பட்ட தாளையும் எடுத்து அடுக்கி வைத்த ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவர்தான் ரோஜா முத்தையா.

மலாயாவுக்கு வந்து வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் சீமையிலுள்ள கோட்டையூர் அவரது ஊர். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். சென்னையில் இருந்தபோது மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் சுற்றத் தொடங்கியவர், ஊர் திரும்பிய பிறகு தூரிகையை வைத்துவிட்டுப் புத்தகம் சேர்ப்பதிலேயே இறங்கிவிட்டார்.

இலக்கண நூல், சித்த மருத்துவம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என எதையும் அவர் ஒதுக்கவில்லை. படித்தவர்கள் பலர் மட்டமாக நினைத்த துப்பறியும் நாவல்களையும் சேர்த்தார். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள். நம்பியார் பல வேடங்களில் நடித்த 'திகம்பர சாமியார்' படமே வடுவூராரின் கதைதான்.

இத்தகைய நாவல்கள் பல கைகள் மாறிக் கிழிந்துபோகும். அதனால் முதல் பதிப்பு கிடைப்பது அரிது. ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் முதல் நாவலான 'கேசினோ ராயல்' 1953இல் ஐந்தாயிரத்துக்கும் குறைவாகவே அச்சானது. இன்று அதன் முதல் பதிப்பைப் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். தமிழ் நாவல்களுக்கு அப்படி விலை இல்லாத காலத்திலேயே முத்தையா அவற்றைத் தேடிச் சேர்த்தார்.

1992இல் அவர் காலமானார். சுமார் ஒரு லட்சம் நூல்களும் தாள்களும் சிதறிப்போகாமல் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது. அவை அமெரிக்காவுக்குப் போகவில்லை. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது.

மலாயாவின் தொடக்ககாலத் தமிழ் நாவல்களில் ஒன்றான வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன்' 1917இல் வந்தது. அதன் பிறகு நம் நாட்டில் அச்சான எத்தனையோ நூல்களும் தோட்ட ஆலய மலர்களும், லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபோது குப்பைக்குப் போயின. மிஞ்சியவை சில தாத்தாக்களின் தகரப் பெட்டிகளில் இருக்கலாம். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது, பழைய பேப்பரோடு கட்டிப் போடும் முன் முதல் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள்.