மதனப்பள்ளிக்கு வந்த அயர்லாந்து ஆசிரியர்

திருப்பதியிலிருந்து மேற்கே மலைச்சாலை வழியாகச் சென்றால் மதனப்பள்ளி வரும். இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டதும் பலருக்குத் தக்காளிச் சந்தை நினைவுக்கு வரும். நூறாண்டுகளுக்கு முன், சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூராக அது இருந்தபோது, அயர்லாந்திலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியர் அங்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹென்றி கசின்ஸ்.

கசின்ஸ் 1873-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். எளிய குடும்பம். பள்ளிப்படிப்பை இளமையிலேயே விட்டு எழுத்தர் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. எஞ்சிய கல்வியைத் தாமே நூல்களைப் படித்துப் பெற்றார். பின்னர் டப்ளின் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள உயர்நிலைப் பள்ளியொன்றில் ஆங்கிலமும் புவியியலும் கற்பித்தார்.

அக்காலத்து அயர்லாந்து ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் தம் முன்னோர் பேசிய ஐரிஷ் மொழியை மறந்து ஆங்கிலமே பேசினர். மறந்துபோன பழங்கதைகளையும் பாடல்களையும் மீட்டெடுக்க வேண்டும் என்னும் வேட்கை டப்ளின் எழுத்தாளர்களிடையே பெருகியிருந்தது. கவிஞர் யேட்ஸ் முதலியோர் அம்முயற்சியில் முன்னின்றனர். கசின்ஸும் அவர்களோடு சேர்ந்து கவிதைகளும் நாடகங்களும் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியவர்தாம் எனினும், ஒரு நாடு தன் மொழியை இழந்தால் எவற்றையெல்லாம் இழக்கும் என்பதை அவர் தம் ஊரிலேயே கண்டிருந்தார்.

1903-இல் அவர் மார்கரெட் என்னும் பெண்மணியை மணந்தார். மார்கரெட் இசையில் பட்டம் பெற்றவர்; பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று போராடி இருமுறை சிறை சென்றவர். இவ்வாசிரியரின் வரலாற்றை மார்கரெட்டை விடுத்துச் சொல்ல இயலாது. பிற்காலத்தில் இருவரும் சேர்ந்து எழுதிய தன்வரலாறும் ஒரே நூலாகவே வெளிவந்தது.

அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று 1915-இல் கணவனும் மனைவியும் சென்னைக்கு வந்தனர். அடையாற்றில் தங்கி, அம்மையார் நடத்திய நியூ இந்தியா நாளிதழின் இலக்கியப் பகுதியைக் கசின்ஸ் கவனித்துவந்தார். வந்த சில மாதங்களிலேயே சோதனை நேர்ந்தது. 1916 ஏப்ரலில் டப்ளினில் விடுதலை வேண்டி எழுச்சி நிகழ்ந்தது. அது அடக்கப்பட்டு, தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் கவிஞர்களும் இருந்தனர். அவ்வெழுச்சியைப் போற்றிக் கசின்ஸ் எழுதிய கட்டுரை இதழில் வெளியாயிற்று. அரசின் கண்காணிப்பில் இருந்த இதழுக்கு அது பெரும் இடையூறாக முடிந்தது. கசின்ஸ் வேலையை இழந்தார். ஊரும் உறவும் கடலுக்கு அப்பால். உலகப் போர் நடந்துகொண்டிருந்தமையால் கடற்பயணமும் எளிதன்று.

அந்நிலையில் அவருக்குக் கிடைத்த இடமே மதனப்பள்ளி. பெசன்ட் அம்மையார் 1915-இல் அங்கு நிறுவிய கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் வேண்டியிருந்தது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி அது. அங்குப் பேசப்பட்ட மொழி எதுவும் அவருக்குத் தாய்மொழியன்று; அவர் கற்பித்த மொழி மாணவர்க்குத் தாய்மொழியன்று. ஆங்கிலம் கற்பதற்காக இந்திய மாணவர் தம் இலக்கியத்தையும் கலையையும் தாழ்வாக எண்ணிவிடலாகாது என்று அவர் கருதினார். இதனைத் தம் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் எழுதினார். தாகூர் முதலிய இந்தியக் கவிஞரையும் அயர்லாந்துக் கவிஞரையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். அவர் எழுதிய திறனாய்வு நூலொன்று புதுச்சேரியில் இருந்த அரவிந்தரின் கைக்குச் சென்றது. அதற்கு மதிப்புரையாக அரவிந்தர் தொடங்கிய எழுத்து, வளர்ந்து தனியொரு பெருநூலாயிற்று. ஒரு சிற்றூர்க் கல்லூரி ஆசிரியருக்கு இதனினும் பெரிய மறுமொழி கிடைத்திருக்க முடியாது.

1919 பிப்ரவரியில் இரவீந்திரநாத் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து சில நாள்கள் தங்கினார். மாலையில் மாணவரும் ஆசிரியரும் கூடிப் பாடும்போது, தாகூர் தாம் இயற்றிய ஜன கண மன பாடலைப் பாடினார். அப்பாடல் 1911-இலேயே கல்கத்தாவில் நடந்த காங்கிரசு மாநாட்டில் பாடப்பட்டது. ஆயினும் மதனப்பள்ளியில் இருந்தோர்க்கு அது புதிது. சொற்கள் வங்காளம், இடப்பெயர்களோ எல்லார்க்கும் தெரிந்தவை. கேட்டவர்கள் தாமும் சேர்ந்து பாடத் தொடங்கினர். மார்கரெட் தாகூரிடம் கேட்டுக் கேட்டு அதன் இசையைக் குறியீடுகளாக எழுதிவைத்தார். தாகூரும் பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். மெட்டு மதனப்பள்ளியில்தான் பிறந்தது என்று அவ்வட்டாரத்தார் பெருமையுடன் சொல்வதுண்டு. மெட்டு தாகூருடையதே, அதனைப் பிறரும் பிழையின்றிப் பாடுமாறு ஏட்டில் ஏற்றியது மார்கரெட்டின் பணி எனக் கொள்வது பொருத்தம்.

அவ்வாண்டே கசின்ஸ் சப்பான் நாட்டின் கெய்யோ பல்கலைக்கழகத்திற்குச் சென்று ஆங்கிலக் கவிதை கற்பித்தார். ஓராண்டுக்குள் இந்தியாவிற்கே திரும்பிவிட்டார். பின்னர் கலைகளின்பால் அவர் நாட்டம் சென்றது. திருவிதாங்கூர் அரசின் கலை அறிவுரையாளராகி, 1935-இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ராலயம் என்னும் ஓவியக்கூடம் அமையத் துணைநின்றார். இடையே மதனப்பள்ளிக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார்.

மார்கரெட்டின் வழி வேறு. 1917-இல் இந்திய மாதர் சங்கமும், 1927-இல் அனைத்திந்திய மாதர் மாநாடும் தோன்ற அவர் காரணமாயிருந்தார். சென்னையில் கௌரவ நீதிபதியாகவும் இருந்தார். நீதிபதியாக இருந்த அவரே 1932-இல், பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசி, வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அயர்லாந்தில் பெண்களுக்காகச் சிறை சென்றவர், இங்கு இந்தியர்களுக்காகச் சென்றார்.

முதுமையில் மார்கரெட்டைப் பக்கவாதம் தாக்கியது. எழுந்து நடமாட இயலாத அவருக்குச் சென்னை அரசும், பின்னர் நேருவும் பொருளுதவி செய்தனர். 1950 சனவரி 24-ஆம் நாள் ஜன கண மன இந்தியாவின் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டபோது கணவனும் மனைவியும் உயிருடன் இருந்தனர். 1954 மார்ச்சில் மார்கரெட் காலமானார். கசின்ஸ் 1956 பிப்ரவரி 20-ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில், மதனப்பள்ளியில் மறைந்தார். வேலையிழந்து அவ்வூருக்கு முதன்முதலில் வந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்றுதான்.