ஹக்கீம் அப்துல் மஜீத்

ஹக்கீம் ஹாபிஸ் அப்துல் மஜீத் (1883 - 1922) தில்லியில் வாழ்ந்த யுனானி மருத்துவர் ஆவார். ஹம்தர்த் மருந்தகத்தை நிறுவியவரும் ரூஹ் அஃப்சா என்னும் சர்பத்தை அறிமுகப்படுத்தியவரும் இவரே. உடல்நலத்தின் பெயரால் விற்கப்பட்டு இன்றும் வழக்கிலுள்ள இந்திய பானங்களுள் ரூஹ் அஃப்சா மிகப் பழையவற்றில் ஒன்று. மருத்துவர் கொடுத்த மருந்து, நோயில்லாதவரும் விரும்பி வாங்கும் பானமாக மாறியதே இவர் வாழ்க்கையில் வணிகவியல் மாணவர் கவனிக்க வேண்டிய பகுதியாகும்.

வாழ்க்கை

அப்துல் மஜீதின் குடும்பம் இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள பிலிபித்தைச் சேர்ந்தது. குர்ஆனை மனனம் செய்தவர் என்பதால் ஹாபிஸ் என்னும் அடைமொழியையும், யுனானி மருத்துவர் என்பதால் ஹக்கீம் என்னும் அடைமொழியையும் பெற்றார். தில்லியில் புகழ்பெற்ற மருத்துவரும் விடுதலை இயக்கத் தலைவருமான ஹக்கீம் அஜ்மல் கானின் இந்துஸ்தானி மருந்தகத்தில் சிறிது காலம் பணியாற்றினார். 1906 ஆம் ஆண்டு பழைய தில்லியின் ஹவுஸ் காசி பகுதியில் சிறிய மருந்துக்கடை ஒன்றைத் தொடங்கினார். ஹம்தர்த் என்றால் துன்பத்தில் பங்குகொள்பவர் என்று பொருள்.

ரூஹ் அஃப்சா

வட இந்தியக் கோடையில் வீசும் லூ என்னும் வெப்பக்காற்று பலரை நோயில் தள்ளுவது வழக்கம். யுனானி மருத்துவம் பொருள்களை வெப்பம், குளிர்ச்சி முதலிய குணங்களால் வகைப்படுத்துகிறது. அம்முறையில் குளிர்ச்சி தருவனவாகக் கருதப்பட்ட பருப்புக்கீரை, காசினி, தாமரை, கொத்துமல்லி, வெட்டிவேர், ரோசா, தாழம்பூ ஆகியவற்றோடு சில பழச்சாறுகளையும் சேர்த்துச் சர்க்கரைப் பாகில் இச்சர்பத்து உருவாக்கப்பட்டது. 1907 முதல் இது விற்பனையில் உள்ளது.

பாகு வடிவம் என்பது சிறிய செய்தியன்று. சர்க்கரை மிகுந்த பாகு குளிர்பதனம் இன்றியே நீண்ட நாள் கெடாமல் இருக்கும். நீரை வாங்குபவரே வீட்டில் சேர்த்துக்கொள்வதால் ஒரு புட்டியிலிருந்து பல குவளைகள் கிடைத்தன. ஏற்றிச் செல்லும் செலவும் குறைந்தது. பாலிலும் கலந்து பருகலாம் என்பதால் இது ரமலான் நோன்பு திறக்கும் வேளையிலும் இடம்பெற்றது. நோய்க்கு வாங்குபவர் குணமானதும் நிறுத்திவிடுவார். கோடைக்கும் நோன்புக்கும் வாங்குபவரோ ஆண்டுதோறும் திரும்பி வருவார்.

தொடக்கத்தில் பழைய மதுப்புட்டிகளைக் கழுவி அவற்றிலேயே சர்பத்தை அடைத்தனர் என்பர். மிர்சா நூர் அகமது என்னும் ஓவியர் 1910 இல் பூக்களும் பழங்களும் கொண்ட ஒட்டுத்தாளை வரைந்தார். பல வண்ணங்களில் அச்சிடும் வசதி தில்லியில் இல்லாமையால் அது பம்பாயில் அச்சிடப்பட்டது. ஒரு சிறு மருந்துக்கடைக்கு அது பெருஞ்செலவாகவே இருந்திருக்கும்.

பெயரும் கவனிக்கத்தக்கது. உயிருக்கு ஊக்கமளிப்பது என்னும் பொருளுடைய இப்பெயர் உருதுக் காவியமான குல்சாரே நசீமிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. தமிழகத்தின் நன்னாரி சர்பத்தை இத்துடன் ஒப்பிடலாம். நன்னாரி என்பது வேரின் பெயர்; யாரும் அப்பெயரில் விற்கலாம், எவரும் அதனைத் தமதென்று உரிமை கொண்டாட முடியாது. ரூஹ் அஃப்சா எந்த மூலிகையின் பெயரும் அன்று. தில் அஃப்சா என்னும் பெயரில் வேறொரு நிறுவனம் சர்பத்து விற்றபோது, வழக்கு முடியும்வரை அவ்விற்பனைக்குத் தில்லி உயர் நீதிமன்றம் 2022 திசம்பரில் தடை விதித்தது.

மறைவுக்குப் பின்

அப்துல் மஜீத் 1922 இல் காலமானார். அப்போது மூத்த மகன் அப்துல் ஹமீதுக்கு (1908 - 1999) பதினான்கு வயதுகூட நிறைவடையவில்லை; இளைய மகன் முகம்மது சயீதுக்கு (1920 - 1998) வயது இரண்டு. நிறுவனத்தை மனைவி ராபியா பேகம் காத்தார். இவரைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது, ஏனெனில் அவ்வாண்டுகளில் கடை மூடப்பட்டிருந்தால் சர்பத்தும் அத்துடன் மறைந்திருக்கும்.

நாட்டுப் பிரிவினை குடும்பத்தையும் பிரித்தது. அப்துல் ஹமீது தில்லியிலேயே தங்கினார். முகம்மது சயீது 1948 இல் கராச்சி சென்று அங்கே ஹம்தர்த் நிறுவனத்தைத் தொடங்கினார். டாக்காவிலிருந்த கிளை 1971 க்குப் பின் வங்காளதேச நிறுவனமாயிற்று. ஆகவே ஒரே பெயருடைய சர்பத்து மூன்று நாடுகளில் மூன்று நிறுவனங்களால் செய்யப்படுகிறது. தில்லி நிறுவனம் 1948 இல் வக்பு எனும் அறக்கட்டளையாக மாற்றப்பட்டது. அதன் வருவாயில் வளர்ந்த கல்வி நிறுவனங்களே 1989 இல் ஜாமியா ஹம்தர்த் என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயின. பின்னர் சிந்து மாகாண ஆளுநராகவும் இருந்த முகம்மது சயீது 1998 அக்டோபர் 17 அன்று கராச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மருந்தும் விளம்பரமும்

நலம் தரும் என்று எதுவரை சொல்லலாம் என்னும் கேள்வி இந்நிறுவனத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. குறிப்பிட்ட சில நோய்களுக்கான மருந்து விளம்பரங்களை 1954 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்தது. அது பேச்சுரிமைக்கு எதிரானது என ஹம்தர்த் மருந்தகம் வழக்குத் தொடுத்தது. 1959 திசம்பரில் அளித்த தீர்ப்பில், அத்தகைய வணிக விளம்பரம் பேச்சுரிமைக்குள் அடங்காது என்று நீதிமன்றம் கூறியது. எனினும் அரசுக்கு வரம்பற்ற அதிகாரம் அளித்த சில பகுதிகளை நீக்கியது. இந்திய விளம்பரச் சட்டம் பயிலும் மாணவர் இன்றும் படிக்கும் வழக்கு இது.

அச்சட்டம் மருந்துகளைப் பற்றியது. கோடைத் தாகத்துக்கென விற்கப்படும் சர்பத்து நோயைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அதே வேளையில், ரூஹ் அஃப்சாவின் பெரும்பகுதி சர்க்கரையே என்பதால் நீரிழிவு உள்ளோருக்கு இது ஏற்றதன்று.