4 பை-க்காக மல்லுக்கட்டிய மனிதர்... யார் இந்த ஆலிவர் ஹெவிசைட்?

லேசர் ஒளி ஒரு கண்ணாடிக்குள் என்ன செய்யும் என்பதை இப்போது கம்ப்யூட்டர் சிமுலேஷனிலேயே ஓட்டிப் பார்த்துவிடுகிறார்கள். ஆனால் இதில் பலரும் கோட்டை விடுவது அலகுகளில்தான். பழைய அலகில் இருக்கும் ஓர் எண்ணை இன்றைய அலகுக்கு மாற்றும்போது 4 பை விட்டுப்போனால், கணக்கு 12 மடங்குக்கு மேல் தப்பாகிவிடும்.

இந்த 4 பை தொல்லையை 1880-களிலேயே ஒழிக்கக் கிளம்பியவர்தான் ஆலிவர் ஹெவிசைட்.

காலேஜ் பக்கமே போகாதவர்

1850 மே 18-ல் லண்டனின் கேம்டன் டவுனில் பிறந்தார். ஏழ்மையான குடும்பம். சின்ன வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலால் காது மந்தமானது. 16 வயதோடு படிப்பு நின்றது. டென்மார்க்கிலும் நியூகாசிலிலும் தந்தி ஆபரேட்டராக இருந்தவர், 1874-ல் வேலையை விட்டார். அதன்பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை.

பெற்றோர் வீட்டில் அடைந்துகொண்டு மேக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் புத்தகத்தைத் தானாகவே படித்தார். மேக்ஸ்வெல் 20 சமன்பாடுகளில் சொன்னதை நான்காகச் சுருக்கினார். இன்று பாடப்புத்தகத்தில் மேக்ஸ்வெல் பெயரில் இருப்பது ஹெவிசைட் எழுதிக் கொடுத்த வடிவம்தான். ஒளி சிமுலேஷன்களின் அடிப்படையும் அதுவே.

4 பை-யில் என்ன பிரச்னை?

4 பை என்பது கோளத்தின் பரப்பளவோடு வருவது. ஒரு புள்ளியிலிருந்து எல்லா பக்கமும் விசை பரவினால் அங்கே 4 பை வருவது நியாயம். ஆனால் பழைய அலகு முறையில், கோளமே இல்லாத அடிப்படைச் சமன்பாடுகளில் எல்லாம் அது வந்து உட்கார்ந்திருந்தது. அதை உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார் ஹெவிசைட்.

யாரும் அசையவில்லை. ஓம், வோல்ட் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டன. யார் மாற்றுவது? அவரோ தன் புத்தகத்தைத் தன் அலகிலேயே எழுதினார். பிடிவாதக்காரர்தான், ஆனால் கணக்கு அவர் பக்கம் இருந்தது.

1891-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். வறுமை விடவில்லை. 1896-ல் அரசு கொடுத்த ஆண்டுக்கு 120 பவுண்டு பென்ஷனில்தான் வாழ்க்கை ஓடியது. 1925 பிப்ரவரி 3-ல் டார்கீ நகரில் தனிமையில் இறந்தார். 4 பை-யை இடம் மாற்றிய முறையை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஏற்றது 1950-ல். 25 வருஷம் லேட்!

சிமுலேஷனில் இன்று...

ஒளியின் வேகம் 1, வெற்றிடத்தின் மின் மாறிலியும் 1 என்று வைத்துக்கொண்டு ஓடும் சாஃப்ட்வேர்கள் உண்டு. சாதாரண கண்ணாடி, மங்கலான ஒளி என்றால் மின்புலத்தின் அலகைப் பற்றிக் கவலையே இல்லை. உள்ளே இரு மடங்கு கொடுத்தால் வெளியே இரு மடங்கு வரும். நேரிலா பொருட்களில் அப்படி இல்லை. ஒளி பலமானால் ஒளிவிலகல் எண்ணே மாறும். எவ்வளவு மாறும் என்பதை, பொருளுக்குரிய எண்ணை மின்புலத்தின் வர்க்கத்தால் பெருக்கிய தொகைதான் முடிவு செய்கிறது. இரண்டும் ஒரே அலகு முறையில் இருந்தே ஆக வேண்டும்.

பழைய ஆய்வுக் கட்டுரைகளில் அந்த எண் இன்னமும் இ.எஸ்.யூ. அலகில்தான் கிடக்கிறது. அதை 1.4-ஆல் பெருக்கி 10 கோடியால் வகுத்தால் எஸ்.ஐ. அலகு கிடைக்கும். அந்த 1.4 எங்கிருந்து வந்தது தெரியுமா? 4 பை-யை 9-ஆல் வகுத்துப் பாருங்கள்.