பிரதி செய்து கற்ற ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், ஸ்டூர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலுள்ள ஈஸ்ற் பேர்கோல்ற் கிராமத்தில் 1776 ஜூன் 11ஆம் திகதி பிறந்தவர் ஜோன் கொன்ஸ்டபிள். தந்தையார் மாவாலைகளின் சொந்தக்காரர்; தானிய வணிகர். மகனும் அத்தொழிலையே தொடர வேண்டுமென விரும்பினார். மகனோ, ஊரில் குழாய் வேலையும் கண்ணாடி வேலையும் செய்துவந்த ஜோன் டன்தோர்ன் என்பவருடன் வயல்வெளிகளில் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்.

அயலூரான டெடமில் வசித்த தம் தாயாரைக் காண சேர் ஜோர்ஜ் போமண்ட் என்ற செல்வந்தர் வருவதுண்டு. அவரிடம் ஒரு சிறிய ஓவியம் இருந்தது. பயணங்களிலும் அதனைத் தனிப் பெட்டியில் வைத்து உடன் கொண்டுசெல்வார். குளோட் லொரேன் 1646இல் தைலவண்ணத்தில் தீட்டிய ஆகாரும் தேவதூதனும் என்ற நிலக்காட்சி அது. எசமானியின் கொடுமை தாங்காது ஓடிய பணிப்பெண்ணை வனாந்தரத்தில் தேவதூதன் சந்திக்கும் விவிலியக் கதை அதன் பொருள். அதனைத் தீட்டிய குளோட்டும் பிறந்த மண்ணைவிட்டு ரோமாபுரி சென்று, 1682இல் அங்கேயே மறைந்தவர்.

ஏறத்தாழ 1795இல் அந்த ஓவியத்தைக் கண்ட கொன்ஸ்டபிள் அதனை மறக்கவேயில்லை. 1799இல் லண்டன் றோயல் அக்கடமியில் மாணவரானதும் பழைய ஓவியங்களைப் பிரதி செய்வதில் ஈடுபட்டார். பிரதி செய்தல் இழிவான வேலையன்று. அக்காலத்தில் அதுவே பாடம். முன்னே இருண்ட மரம், நடுவே ஒளிபடும் நீர், அப்பால் மங்கி நீலமாகும் தொலைவு எனக் கண்ணைப் படிப்படியாக உள்ளே அழைத்துச் செல்லும் குளோட்டின் ஒழுங்கைத் தூரிகை பிடித்த கையே கற்றுக்கொள்ளும். வெறுமனே பார்ப்பவனுக்கு அது எளிதில் வசப்படாது.

ஆயினும் 1802இல் அவர் மனம் மாறியது. பிறர் ஓவியங்களின் பின்னால் ஓடி, உண்மையை இரண்டாம் கையாகத் தேடியதாக டன்தோர்னுக்கு எழுதி வருந்தினார். இராணுவக் கல்லூரியொன்றில் கிடைக்கவிருந்த சித்திர ஆசிரியர் பதவியையும் மறுத்து ஊருக்குத் திரும்பினார். அவ்வாண்டு தீட்டிய டெடம் பள்ளத்தாக்கில் குளோட்டின் அமைப்பு அப்படியே இருக்கின்றது. ஆனால் தொலைவில் தெரிவது டெடம் தேவாலயக் கோபுரம். வளைந்தோடுவது அவரது ஸ்டூர் ஆறு.

போமண்டுக்கு நிலக்காட்சி பழைய வயலினைப்போல் பழுப்பேறியிருக்க வேண்டும். கொன்ஸ்டபிள் மறுமொழியாக ஒரு பழைய வயலினை எடுத்துப் பச்சைப் புல்தரையில் வைத்துக் காட்டினாராம். அவரது வரலாற்றை எழுதிய நண்பர் லெஸ்லி கூறும் செய்தி இது. இருந்தும் நட்பு முறியவில்லை. 1823இல், வைக்கோல் வண்டியைத் தீட்டி முடித்திருந்த நாற்பத்தேழு வயதில், போமண்டின் கோலோர்ட்டன் மாளிகையில் ஒரு மாணவனைப்போல் அமர்ந்து குளோட்டை மீண்டும் பிரதி செய்தார். நான்கு சிறு குழந்தைகளுடன் வீட்டிலிருந்த மனைவி மரியா, விரைவில் திரும்புமாறு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வாரங்கள் கடந்தன. வீட்டாருக்கு அது நியாயமாகப்பட்டிருக்க முடியாது. எனினும் புகழ் வந்தபின்னும் கற்க அமர்ந்த அந்தப் பணிவே அவரிடம் நாம் வியக்கத்தக்கது.

மறு ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைக்கோல் வண்டி தங்கப் பதக்கம் பெற்றது. அவரோ வாழ்நாளில் ஒருமுறையேனும் இங்கிலாந்தைவிட்டு வெளியே சென்றாரல்லர்.

1827இல் போமண்ட் இறந்தார். அடுத்த ஆண்டு கொன்ஸ்டபிள் அதே டெடம் பள்ளத்தாக்கைப் பெரிய கித்தானில் மீண்டும் தீட்டினார். ஓரத்து மரங்கள், நடுவே ஆறு எல்லாம் குளோட்டின் ஒழுங்கிலேயே உள்ளன. முன்புறத்தில், வீடற்ற நாடோடிப் பெண்ணொருத்தி கைக்குழந்தையுடன் நெருப்பருகே அமர்ந்திருக்கின்றாள். அந்த ஓவியம் இன்று எடின்பரோவில் உள்ளது. அவ்வாண்டு நவம்பரில் மரியா காசநோயால் இறந்தார். 1829 பெப்ரவரியில் றோயல் அக்கடமி அவரை முழு உறுப்பினராக்கியபோது அந்தச் செய்தியைப் பகிர்ந்துகொள்ள மனைவி இல்லை. 1837 மார்ச் 31ஆம் திகதி அவர் காலமானார்.

கோலோர்ட்டனில் அவர் செய்த ஆட்டிடையன் ஓவியப் பிரதி சிட்னி ஓவியக்கூடத்திலும், அதன் மூலம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலும் உள்ளன.