நள்ளிரவுக்கு முன் ஒரு கையெழுத்து: யார் இந்த ஃபக்ருதீன் அலி அகமது?

2024 டிசம்பர் 3-ம் தேதி இரவு தென்கொரிய அதிபர் யூன் சுக் இயோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். சில மணி நேரத்திலேயே நாடாளுமன்றம் அதற்கு எதிராக வாக்களித்தது. நம்ம ஊர்ல இப்படி நடக்குமா?

சேலையூர், மாடம்பாக்கம்காரர்களுக்கு விமானப்படைத் தளம் பக்கத்து வீடு மாதிரி. ஆனால் சீருடைக்காரர்கள் ஊரை ஆண்டு பார்த்ததில்லை. நம் அரசியல் சாசனத்தின் 34-வது பிரிவில் ராணுவச் சட்டம் பற்றி ஒரு குறிப்பு இருக்கு, அவ்வளவுதான். அதை யார் அறிவிப்பது என்று எங்கும் இல்லை. இருப்பது அவசரநிலை. போர் இல்லாமல், உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டி அதில் கையெழுத்துப் போட்ட ஒரே குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது.

1905-ல் டெல்லியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்த பாரிஸ்டர். அசாம் காங்கிரஸ் அரசியலில் வளர்ந்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்கும் போனார். 1974 ஆகஸ்டில் ஐந்தாவது குடியரசுத் தலைவரானார்.

1975 ஜூன் 25. இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லி 13 நாள் ஆகியிருந்தது. அன்று மாலை ராம்லீலா மைதானத்தில் ஜெயபிரகாஷ் நாராயண், சட்டவிரோத உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று ராணுவத்தையும் போலீஸையும் கேட்டுக்கொண்டார். ராணுவத்தையே தூண்டிவிடுகிறார் என்றது அரசு. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் கோப்பு ராஷ்டிரபதி பவனுக்குப் போனது. கையெழுத்தாகிவிட்டது. சர்ச்சையே இங்கேதான்: அமைச்சரவை கூடியது மறுநாள் காலை 6 மணிக்கு!

அவர் மறுத்திருக்கலாமா? பிரதமரின் ஆலோசனைப்படி நடந்தார் என்பார்கள் ஆதரவாளர்கள். அமைச்சரவை முடிவைக் காட்டுங்கள் என்று ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்றே தோன்றுகிறது. அந்த ஆண்டு டிசம்பரில் கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாம், குளியல் தொட்டியில் இருந்தபடியே அவர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பதாக வரைந்தார். இன்றும் பலருக்கு அவர் முகம் அதுதான்.

சரி, ராணுவம்? தளபதி டி.என்.ரெய்னா தலைமையில் படைகள் அரசியலில் இறங்கவில்லை. கைதுகளைச் செய்தது போலீஸ், கையில் இருந்தது மிசா. தமிழ்நாட்டில் அந்தக் கைதுகள் பெருகியது 1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு. அந்த உத்தரவும் இவர் கையெழுத்துதான்.

1977 பிப்ரவரி 11-ல், பதவியில் இருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். மார்ச் 21-ல் அவசரநிலை விலக்கப்பட்டபோது, அந்தப் பொறுப்பில் இருந்தவர் பி.டி.ஜாட்டி. 1978-ல் வந்த 44-வது திருத்தம் உள்நாட்டுக் குழப்பம் என்பதை ஆயுதக் கிளர்ச்சி என்று மாற்றியது. அமைச்சரவை முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் இனி அவசரநிலையை அறிவிக்க முடியாது.