ஏடா லவ்லேஸ் அம்மையார்

இந்நாளில் இணையப் பக்கம் அமைக்கத் தொடங்கும் மாணவர், கணிப்பொறிக்குரிய குறிமொழியில் ஏவல்களை வரிசையாக எழுதப் பழகுகின்றனர். ஒரு குறி இடம்மாறினும் பக்கம் சிதைந்து தோன்றும். கணிப்பொறிக்குரிய ஏவல் வரிசையை, அதனை இயக்கவல்ல பொறி உலகில் தோன்றுமுன்னரே எழுதி வெளியிட்டார் ஓர் அம்மையார். அவரே ஏடா லவ்லேஸ்.

ஏடா 1815ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் பெரும்புலவர் பைரன். குழந்தை பிறந்து ஒரு திங்கள் கழிந்த அளவில் பெற்றோர் பிரிந்தனர். பைரன் கிரேக்க நாட்டில் உயிர்நீத்தபோது, அவர் முகமறியா மகளுக்கு அகவை எட்டு. கணவரின் கட்டற்ற கற்பனை மகளையும் பற்றுமோ என அஞ்சிய தாயார், இளமை முதலே அவருக்குக் கணிதம் கற்பித்தார். கற்பனையோ அடங்கவில்லை. பன்னிரண்டாம் வயதில் பறவைச் சிறகுகளை ஆராய்ந்து, பறக்கும் பொறி செய்யத் திட்டமிட்டார். பின்னர்த் தட்டம்மை கண்டு நெடுநாள் நடக்கவியலாது கிடந்தார்.

1833இல் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித வல்லுநரின் இல்லத்தில் கணக்கிடும் பொறியின் ஒரு பகுதியைக் கண்டு வியந்தார். அதன் நுட்பத்தை உணரத் தம் கல்வி போதாதென அறிந்து, திருமணமாகி மூன்று மக்களுக்குத் தாயான பின்னரும், 1840இல் டி மார்கன் என்பாரிடம் மடல்வழிப் பாடங் கேட்டார். அப்பேராசிரியர் நம் மதுரையிற் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்றவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. ஏடா எளிய இயற்கணிதத்திலும் தடுமாறினார். விளங்காததை விளங்கியதாகக் காட்டாது, மீண்டும் மீண்டும் எழுதிக் கேட்டார். மாணவியின் ஆற்றலை வியந்த ஆசிரியர், கடுங்கணிதம் பெண்ணுடலுக்குத் தாங்காதென அஞ்சவும் செய்தார். கற்றோரையும் அம்மயக்கம் விட்டபாடில்லை!

பாபேஜ் அடுத்து வகுத்த பகுப்புப் பொறி, பட்டுத்தறியில் பூவேலை செய்யும் ஜக்கார்டு அட்டைகளைப் போன்ற துளையட்டைகளால் இயங்குவது. அதுபற்றி இத்தாலியர் மெனபிரியா பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை ஏடா ஆங்கிலத்தில் பெயர்த்தார். மூலத்தினும் ஏறத்தாழ மும்மடங்கு நீண்ட குறிப்புகளையும் சேர்த்து 1843இல் வெளியிட்டார். பெர்னூலி எண்களைப் பொறி காணும் முறையை 25 படிகளாக அதில் அட்டவணையிட்டார். சில படிகளை மீண்டும் மீண்டும் செய்யுமாறும் வகுத்தார். இப்பணியில் பாபேஜ் செய்திருந்த பெரும்பிழை ஒன்றையும் கண்டு திருத்தினார். ஆயினும் அச்சேறிய அட்டவணையின் நான்காம் படியில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம்மாறிக் கிடந்தன! இயக்கிப் பார்க்கப் பொறி இல்லை. பிழை எவ்வாறு புலப்படும்?

பாபேஜின் பங்கு எவ்வளவு, ஏடாவின் பங்கு எவ்வளவு என அறிஞர் இன்றும் வழக்கிடுவர். எனினும் எண்ணை மட்டுமன்றி இசையையும் அப்பொறி ஆளக்கூடும் எனவும், தானாக எதனையும் தோற்றுவியாது, நாம் ஏவுவதையே செய்யும் எனவும் எடுத்துரைத்த தெளிவு அவருடையதே.

அப்பொறியை முழுமையாகச் செய்துமுடிக்கப் பாபேஜால் இயலவில்லை. ஏடாவும் புற்றுநோயால் நலிந்து, 1852 நவம்பர் 27இல், தந்தை மறைந்த அதே 36ஆம் அகவையில் மறைந்தார். அவர் விரும்பியவாறே ஹக்னால் தேவாலயத்தில், வாழ்நாளில் கண்டறியாத தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பெற்றார்.